மூன்று நாள் நத்தை

நான் விற்பதற்கு மூன்று நாள் நத்தை என்று பெயர். பெயர் வைத்தது நானில்லை, வாங்குகிறவர்கள். பாளையம்பட்டியில் டவுன் பஸ் நிற்கிற இடத்தில், டீக்கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவே, ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து பேர் உட்கார்ந்து நத்தை விற்போம். மற்றவர்கள் கண்மாயில் அள்ளியதைச் சேறும் பாசியுமாகச் சாக்கில் கொண்டுவந்து அப்படியே கொட்டுவார்கள். என் வழக்கம் வேறு. வியாழக்கிழமை பொறுக்குவேன். அண்டாவில் நல்ல தண்ணீர் நிரப்பி, கொஞ்சம் அரிசி கழுவின தண்ணீரும் விட்டு, அதில் போட்டு வைப்பேன். காலையும் சாயந்திரமும் தண்ணீரை மாற்றுவேன். முதல் நாள் தண்ணீர் கறுப்பாக வரும், மறுநாள் கலங்கலாக வரும், மூன்றாம் நாள் அதில் முகம் பார்க்கலாம். அதற்குப் பிறகுதான் கூறு போடுவேன்.

பக்கத்தில் சாக்கு விரிக்கிற சோலைச்சாமிக்கு இதில் எப்போதும் ஒரு கேலி உண்டு.

"என்ன மதினி, நத்தைக்கெல்லாம் தலைக்குத் தண்ணி ஊத்தி, பவுடரு போட்டுக் கூட்டியாந்துட்டீகளா?"

"ஆமாலே. ஒன் நத்தையத் தின்னா வாயில பாதிக் கம்மா ஒட்டிக்கிருது. ஏங்கிட்ட வாங்குனவுகளக் கேளு."

"கேட்டேன். வெள்ளைத்தாயி நத்தை சாமி கும்புட்டுட்டுத்தான் சட்டிக்குள்ள எறங்குதாம்."

சிரிப்போம். என் கூறுகள் எட்டரை மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும். அவனுடையது பத்தரை வரைக்கும் கிடக்கும். அதில் எனக்குப் பெருமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

போன கார்த்திகையில் எங்கள் ஊர்க் கண்மாயில் நத்தை சரியாக விழவில்லை. அதனால் ரோட்டுக்கு மேற்கே இருக்கிற மேலக்கண்மாய்க்குப் போனேன். அங்கே ஓடைக்கரையில் தகரக் கொட்டகை ஒன்று இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. பழைய பேட்டரிகள் லோடு லோடாக வந்து இறங்கும். உடைத்து, உள்ளே இருக்கிற ஈயத்தை உருக்குவார்கள். கழுவுகிற தண்ணீர் ஓடையில் இறங்கிக் கண்மாய்க்குப் போகும். இதெல்லாம் நான் கண்ணால் பார்த்ததுதான். அந்த ஓடையில் கால் வைத்துத் தாண்டித்தான் கண்மாய்க்குப் போவேன்.

அந்தக் கண்மாயில் நத்தையை நான் தேட வேண்டியிருக்கவில்லை. மற்ற இடத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று காலால் துழாவ வேண்டும். இங்கே பட்டப்பகலில் கரையோரமாக வந்து கிடந்தன. எல்லாம் பெரிசு பெரிசு. தொட்டால் நத்தை படக்கென்று மூடியைச் சாத்திக்கொள்ளும், தெரியுமில்லையா, இவை மெதுவாக, யோசித்து யோசித்துச் சாத்தின. சில சாத்தவே இல்லை. ஒரு மணி நேரத்தில் சாக்கு நிறைந்துவிட்டது. அந்த வருஷம் சாமி நமக்கென்று கொடுத்தது என்று நினைத்தேன்.

அண்டாவிலும் அப்படித்தான். நத்தை ராத்திரியில் சுவர் ஏறி ஓடிவிடும் என்பதால் ஈரச்சாக்கு போட்டு மூடி, மேலே அம்மிக் குழவியை வைப்பது வழக்கம். மேலக்கண்மாய் நத்தைக்குக் குழவி தேவைப்படவில்லை. போட்ட இடத்தில் போட்டபடி கிடந்தன. "நல்ல பிள்ளைக" என்று அவற்றைப் பார்த்துச் சொன்னேன். வாய்விட்டுச் சொன்னேன்.

முருகலட்சுமி என்னிடம் வர ஆரம்பித்ததும் அந்தக் கார்த்திகையில்தான். பாலவனத்தத்துப் பெண். நிலபுலம் உள்ள குடும்பம், வாசலில் டிராக்டர் நிற்கும் என்று அப்புறம் தெரிந்தது. முதல் நாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு டீக்கடை ஓரமாகவே நின்றாள். ஆளெல்லாம் போன பிறகு வந்தாள்.

"மருந்துக்குத்தான்" என்றாள். எல்லோரும் முதலில் சொல்வது அதுதான்.

"யாருக்குத் தாயி?"

"பிள்ளைக்கு. நாலு வயசாகுது. பனி வந்தா இளைப்பு வந்துருது. கொக்குக் கொக்குன்னு இருமி ஒறங்கவே மாட்டேங்குது. எங்க வீட்டுல இதச் சேத்துக்கிர மாட்டாக. எங்க அத்தைக்குத் தெரிஞ்சா வீட்டையே கழுவி விட்டுருவாக."

"என்னன்னு சொல்லிக் குடுப்ப?"

"சுவரொட்டி சூப்புன்னு சொல்லிக்கிருவேன்."

ஆட்டுச் சுவரொட்டியும், அதாவது மண்ணீரலும், கறுப்பாகத்தான் இருக்கும், ஆகவே பொய் பொருந்தும். எப்படி வேகவைப்பது, ஊக்கால் எப்படி உருவுவது என்று சொல்லிக் கொடுத்தேன். மற்றவர்கள் கடைசியில் இருக்கிற சுருண்ட கறுப்புப் பாகத்தை நறுக்கிப் போட்டுவிடுவார்கள். நான் அவளிடம், "அதத் தூரப் போட்றாத. அதுதான் ஈரலு. இளைப்புக்கு அதுலதான் மருந்தே இருக்கு. பிள்ளைக்கு அதையே மசிச்சுக் குடு" என்றேன். மற்றவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை. அவளுக்குச் சொன்னேன்.

ஞாயிறு தவறாமல் வந்தாள். காய் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, வயர் கூடையில் அடியில் நத்தை, மேலே கத்திரிக்காய். இரண்டு தடவை பிள்ளையையும் கூட்டி வந்தாள். கிருஷ்ணப்ரியா என்று பெயர். என்னை நத்தைப் பாட்டி என்று கூப்பிட்டது. இளைப்பு குறைந்திருக்கிறது என்று முருகலட்சுமி சொன்னாள். தை கழிந்து பனி போனால் யாருக்கும் குறையும். நான் என் நத்தை என்று நினைத்துக்கொண்டேன்.

மாசியில் சுகந்தி வந்தாள். காரியாபட்டிப் பிள்ளை, மதுரையில் காலேஜில் ஏதோ ஆராய்ச்சி செய்கிறாள். ஐந்து பேரிடமும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி, எந்தக் கண்மாய், எந்தக் கண்மாய் என்று கேட்டு எழுதினாள். என்னிடம் வந்ததும் சோலைச்சாமிதான் முந்திக்கொண்டான்.

"பாப்பா, இதச் சோதிச்சா ஒன் மிசினு அழுதுரும். மூணு நாளு குளிச்ச நத்தை."

எனக்கு வீம்பு வந்துவிட்டது. "நீ எங்க வீட்டுக்கு வா. அண்டாவுல போடுறதுக்கு முன்ன பத்து தாரேன், மூணு நாளு கழிச்சுப் பத்து தாரேன். ரெண்டையும் சோதிச்சுப் பாரு. அப்பந் தெரியும் வித்தியாசம்" என்றேன்.

அவள் அப்படியே செய்தாள். வியாழக்கிழமையும் வந்தாள், ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். வந்த இடத்தில் என் முற்றத்தில் ஓர் ஓட்டுத்துண்டை வைத்து, ஊர்க் கண்மாய் நத்தை ஒன்றையும் மேலக்கண்மாய் நத்தை ஒன்றையும் தண்ணீர் தெளித்து மல்லாக்கப் போட்டாள். போனில் நேரம் பார்த்தாள். ஊர்க் கண்மாய் நத்தை கொஞ்ச நேரத்தில் கொம்பை நீட்டி, உடம்பைத் துருத்தி, ஓட்டைப் பிடித்துப் புரண்டு நடந்தது. மற்றது பாதி உடம்பை வெளியே விட்டபடி கிடந்தது. நான் டீ போட்டுக் கொண்டுவந்தேன். குடித்து முடித்தோம். அது அப்படியே கிடந்தது.

"ஒறங்குது" என்றேன்.

"ஒறங்கலை பாட்டி. புரளத் தெரியலை."

அந்த நத்தையின் ஓட்டு நுனியை நகத்தால் அழுத்தினாள். அப்பளம் மாதிரி உள்ளே போயிற்று. என்னை மேலக்கண்மாய்க்கே கூட்டிப் போகச் சொன்னாள். கரையில் ஈரமண்ணை நோண்டி நோண்டிப் பார்த்தாள். நத்தை இருக்கிற இடத்தில் கரைமண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக முட்டை கொத்தாக இருக்க வேண்டும். ஒன்றும் இல்லை.

"குட்டி நத்தை பாத்திருக்கீங்களா இங்க?"

யோசித்தேன். ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. எல்லாம் பெரிசு என்று சந்தோஷப்பட்டேனே தவிர, சின்னது எங்கே என்று கேட்கவில்லை. நண்டு வளைகள் வரிசையாக இருந்தன. குச்சி விட்டுப் பார்த்தோம். எதிலும் நண்டு இல்லை.

பங்குனி முதல் வாரம் சாயந்திரம் ஒரு தாளோடு வந்தாள். நான் அண்டாவில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன்.

"பாட்டி, மேலக்கண்மாய் நத்தையில ஈயம் ரொம்ப இருக்கு. திங்கவே கூடாத அளவு."

"எதுல? முன்னாடி குடுத்ததுலயா, மூணு நாளு கழிச்சுக் குடுத்ததுலயா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"நல்லாப் பாத்தியா?"

"மூணு தடவ பாத்தேன் பாட்டி. மூணு நாள்ல போறது வயித்துல இருக்குற சேறு. இது சதையோட சேந்துருச்சு. தண்ணி மாத்துனாப் போகாது, கொதிக்க வச்சாலும் போகாது. அதுலயும் அந்த ஈரல் பாகத்துலதான் நெறைய."

அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், ஆனால் அது இங்கிலீஷில் இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"சின்னப் பிள்ளை தின்னா?"

"சின்னப் பிள்ளைக்குத்தான் ரொம்பக் கெடுதல். மூளைக்கு, படிப்புக்கு. வெளிய ஒண்ணும் தெரியாது. ரத்தம் எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். யாருக்கும் குடுத்தீங்களா?"

"ஒரு பிள்ளைக்கு. கார்த்திகையில இருந்து."

"உடனே நிறுத்தச் சொல்லுங்க. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டி வரச் சொல்லுங்க. நான் கூட இருந்து பாத்துக்கிறேன்." போன் நம்பர் எழுதிக் கொடுத்தாள்.

அவள் போன பிறகு மிச்சத் தண்ணீரையும் மாற்றி முடித்தேன். எதற்கு மாற்றினேன் என்று தெரியவில்லை. சாக்கைப் போட்டு மூடினேன். சோறு இருந்தது, சாப்பிட்டேன். நன்றாகப் பசித்தது. எனக்கு அழுகை வரும் என்று ஒரு பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. டிவியில் சமையல் போட்டான், கடைசி வரைக்கும் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நத்தையில்லாமல் பாளையம்பட்டிக்குப் போய் உட்கார்ந்தேன். வந்தவர்களிடம் சொன்னேன். சிலர் சரி என்றார்கள், சிலர் சோலைச்சாமியிடம் வாங்கிப் போனார்கள். அவன் நத்தை திருச்சுழிப் பக்கத்தது, அது எப்படியோ எனக்குத் தெரியாது. பத்தரை வரைக்கும் இருந்தேன். முருகலட்சுமி வரவில்லை.

அவள் நம்பர் என்னிடம் இல்லை. போன வாரம் இரண்டு கூறு வாங்கியிருந்தாள். பக்கெட்டில் தண்ணீர் விட்டுப் பின்பக்கம் ஒளித்து வைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பேன் என்று அவளே சொல்லியிருந்தாள். அப்படியானால் இன்றைக்கும் இருக்கும், நாளைக்கும் இருக்கும். வீட்டுக்குப் போய்ச் சொன்னால் அவள் குட்டு உடையும். சொல்லாவிட்டால் பிள்ளை குடிக்கும். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் திங்கட்கிழமை காலையில்தான் பஸ் ஏறினேன்.

டிராக்டர் பாண்டீஸ்வரன் வீடு என்று கேட்டதும் காட்டிவிட்டார்கள். அவன்தான் முருகலட்சுமி புருஷன். முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவன் அம்மா கனகலட்சுமி உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல கனத்த உடம்பு, கனத்த குரல்.

"யாரு?"

"பருத்தி எடுக்க ஆளு வேணும்னு சொன்னாகம்மா. திருச்சுழி ரோட்டுலருந்து வாரேன்." பஸ்ஸிலேயே யோசித்து வைத்த பொய்.

"எவன் சொன்னான்? எங்களுக்குத்தான் ஆளு இருக்கே. அம்புட்டுத் தூரத்துலருந்தா வந்த? ஏ முருகலட்சுமி, இந்தம்மாவுக்குத் தண்ணி கொண்டா."

பிளாஸ்டிக் தம்ளரில் தண்ணீர் வந்தது. என்னைப் பார்த்ததும் முருகலட்சுமி கை நின்றுவிட்டது. பின்னாலேயே பிள்ளை வந்தது. நத்தைப் பாட்டி என்று கூப்பிடப் போகிறது என்று நினைத்தேன். அவள் அதன் வாயில் கையை வைத்து இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

தண்ணீரைக் குடித்துக்கொண்டே, கனகலட்சுமியைப் பார்த்துப் பேசினேன்.

"எங்க பக்கத்துல ஒரு சங்கதிம்மா. கம்மாத் தண்ணியில பேட்டரி ஈயம் கலந்துருச்சாம். அதுல கெடந்த நத்தையெல்லாம் வெசமாயிருச்சு. வாங்கித் தின்னவுக ரத்தம் சோதிக்கணும்னு காலேஜுப் பிள்ளை வந்து சொல்லுது."

"நத்தையா? சீச்சீ. அதப் போயி மனுசன் திம்பானா?"

"மருந்துக்குத்தாம்மா திங்கிறாக."

"என்ன மருந்து? நாக்கு கேக்குது, மருந்துங்கிறாக. கெடக்கட்டும், அதத் திங்கிறவுகளுக்கு நல்லா வேணும்."

"சின்னப் பிள்ளைகளுக்குத்தாம்மா கூடுதலாப் பாதிக்குமாம். வெளிய தெரியாதாம். மதுரைப் பெரியாஸ்பத்திரியில பாக்கணுமாம். சூப்பு வச்சுக் குடுத்தவுக அன்னைக்கே நிறுத்திறணுமாம். அந்த ஈரலுதான் ரொம்ப வெசமாம்."

அவ்வளவுதான். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேன். யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. எழுந்துபோய் அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று தம்ளரைக் கீழே வைக்கக் குனிந்தேன்.

"எத்தன மாசம் தின்னுருந்தா?" என்று முருகலட்சுமி கேட்டாள்.

கனகலட்சுமி கையில் முறம் நின்றது. "அத நீ எதுக்குக் கேக்குற?"

"கார்த்திகையில இருந்துன்னா?" அவள் என்னைத்தான் கேட்டாள்.

"பாக்கணும் தாயி" என்றேன். 'தாயி' என்று வாயில் வந்துவிட்டது. கனகலட்சுமி என்னைப் பார்த்தார்கள், மருமகளைப் பார்த்தார்கள்.

"அத்தை, கிருஷ்ணப்ரியாவுக்குக் குடுத்தேன்."

"என்னத்தக் குடுத்த?"

"சுவரொட்டி சுவரொட்டின்னு சொன்னேன்ல. அது சுவரொட்டி இல்ல."

பிள்ளை அம்மா தாலியைப் பிடித்து வாயில் வைத்தது. கனகலட்சுமி வீட்டைக் கழுவிவிடுவார்கள், அவளை அடிப்பார்கள் என்று நான் நினைத்ததெல்லாம் நடக்கவில்லை.

"எந்தச் சட்டியில வச்ச?"

"சின்னக் குக்கர்ல."

"அதுலதான எனக்குக் கஞ்சி வக்கிற?"

"ஆமா."

முறத்தைக் கீழே வைத்தார்கள். உளுந்து சிந்தியது, குனிந்து அள்ளவில்லை. பிள்ளையை வாங்கி, அதன் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார்கள், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்கள். அது சிரித்தது. விளையாட்டு என்று நினைத்துவிட்டது.

"நீதான் வித்தவளா?"

"ஆமாம்மா."

"தெரிஞ்சே வித்தியா?"

"தெரியாதும்மா. மூணு நாளு தண்ணியில போட்டு வச்சுத்தாம்மா வித்தேன்."

"மூணு நாளு" என்றார்கள், ஒரு கிராக்கி விலையைத் திருப்பிச் சொல்வது மாதிரி. பிறகு போனை எடுத்தார்கள். "ஏலே பாண்டீசு, எங்க இருக்க? கார எடுத்துட்டு வா. மதுரைக்குப் போகணும். எதுக்கா? வந்து ஒம் பொண்டாட்டியக் கேளு."

என்னைப் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. சுகந்தி நம்பர் எழுதின துண்டை முருகலட்சுமியிடம் கொடுத்தேன். அவள் பின்பக்கம் போய் பக்கெட்டைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தாள். அடியில் ஒன்பது நத்தை கிடந்தன. சாக்கடையில் கொட்டினால் அங்கே போகும், வயலில் கொட்டினால் அங்கே போகும். ஒரு பாலிதீன் பையில் கட்டி நானே எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன். நான் இறங்குகிற அருப்புக்கோட்டை வரும்வரை ஒன்றுகூட அசையவில்லை. வீட்டுக்கு வந்து, அண்டாவில் கிடந்ததையும் சேர்த்துச் சாக்கில் கட்டி வைத்து, சுகந்தி வந்தபோது அவளிடம் கொடுத்துவிட்டேன்.

ரத்தச் சோதனை முடிவை அந்த வெள்ளிக்கிழமை சுகந்திதான் போனில் சொன்னாள். இருபத்து மூன்று இருக்கிறதாம். ஐந்துக்குள் இருக்க வேண்டுமாம். வேறெதுவும் செய்ய வேண்டாம், அதை நிறுத்தியதே போதும், கீரையும் முட்டையும் கொடுங்கள், மூன்று மாசம் கழித்துத் திரும்பப் பார்ப்போம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இளைப்புக்கு உறிஞ்சுகிற மருந்து கொடுத்திருக்கிறார். பேட்டரிக் கொட்டகையைப் பற்றிச் சுகந்தியும் அவள் காலேஜ்காரர்களும் மனு எழுதினார்கள், அதில் நானும் கையெழுத்துப் போட்டேன். இரண்டு வாரம் பூட்டிக் கிடந்தது. இப்போது லாரி வந்து போகிறது.

"நீங்களும் ஒரு தடவ பாத்துருங்க பாட்டி, நீங்களும் தின்னுருப்பீங்கல்ல" என்றாள் சுகந்தி. பார்ப்போம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை இப்போதும் அதே இடத்தில்தான் உட்காருகிறேன். முருங்கைக்காய் விற்கிறேன். நத்தை கேட்டு வருகிறவர்களிடம் சொல்கிறேன். நான் யார் யாருக்கு விற்றேனோ அவர்கள் முகம்தான் எனக்குத் தெரியும், பேர் தெரியாது. ஆகவே உட்கார்ந்திருந்தால்தான் பிடிக்க முடியும். சோலைச்சாமி இப்போது கேலி செய்வதில்லை. சாக்கைக் கொஞ்சம் தள்ளி விரிக்கிறான்.

ஆனி கடைசி வாரம் முருகலட்சுமி வந்தாள். முந்தானை தலையில் இல்லை. கூட்டம் இருக்கும்போதே வந்து நேரே முன்னால் நின்றாள். நான் எழுந்தேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை.

"பதினேழுக்கு வந்துருக்கு" என்றாள்.

"கொறஞ்சிருக்கா."

"கொறஞ்சிருக்கு. இன்னும் போகல. எலும்புல போயி ஒக்காந்துக்கிருமாம். வருசக்கணக்கா ஆகுமாம்."

"பிள்ளை என்ன செய்யுது?"

"பள்ளிக்கூடத்துல சேத்தாச்சு. 'அ'னாவுல இருந்து அஞ்சு எழுத்துச் சொல்லுது. அடுத்தது மறந்துருது. எல்லாப் பிள்ளையும் அப்பிடித்தான் மறக்கும்னு டீச்சர் சொல்றாக. எங்க அத்தை தெனமும் ஒக்கார வச்சுக் கேக்காக. மறந்தா ஏம் மூஞ்சியப் பாக்காக. ஒண்ணும் சொல்றதில்ல."

முருங்கைக்காய் ஒரு கட்டு எடுத்து நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், வாங்கவில்லை.

"ஒங்க மேல எனக்குக் கோவம் இல்ல. இருக்கான்னு பாக்கத்தான் வந்தேன். பஸ்ஸுல வரும்போதே பாத்துக்கிட்டு வந்தேன். இல்ல. எதுவுமே இல்ல."

"எனக்கும் அப்பிடித்தான் தாயி."

விருதுநகர் பஸ் வந்தது. ஏறினாள், ஜன்னலோரம் இடம் கிடைத்தது, அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். பஸ் போனதும் தலையில் துண்டு கட்டின ஓர் ஆள் வந்து, மூலத்துக்கு நத்தை வேணும், மூணு நாள் நத்தை விக்கிற அம்மா நீங்கதானே என்று கேட்டார். விக்கிறதில்லை என்றேன். ஏன் என்றார்.

"இருபத்தி மூணு இருந்துச்சு. இப்பம் பதினேழு" என்றேன்.

"என்ன வெலையா?"

"இல்ல. ஒக்காருங்க, சொல்றேன்."

அவர் உட்காரவில்லை, நின்றபடியே கேட்டார். முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.